ஒரு மாணவனின் கேள்வியும் வல்கன் விமானமும்



பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடத்தை விடமாட்டார் என்று என்னைப் பற்றி நீங்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியாததல்ல. இன்றைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடமாக நான் பாக்கி வைத்திருக்கும் ஒரு பதிலைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் ஃபேஸ்புக் பழைய பதிவு ஒன்றை எடுத்து நீட்டியது. 2015 ஜூலையில் நான் போட்டது. இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம். மேகத்துக்குக் கீழே முக்கோணமாக ஒரு விமானம் பறக்கும் படம். அதன் கீழே, "வாழ்நாளில் மறக்க முடியாத காட்சி. வல்கன் விமானம் நேர் செங்குத்தாக மேலே ஏறியபோது கண் கலங்கிவிட்டது" என்று எழுதியிருந்தேன். நிறைய லைக். "சூப்பர் சார்", "திருக்கை மீன் மாதிரி இருக்கு சார்" என்றெல்லாம் கமெண்ட்.

அந்தக் கமெண்டுகளுக்கு நடுவில் 1994 பேட்ச் மாணவன் ஒருவன் இப்படிக் கேட்டிருந்தான்: "சார், ஆகஸ்டு 6 வந்தால் எங்களையெல்லாம் எழுந்து நிற்கச் சொல்லி ஹிரோஷிமாவுக்காக ஒரு நிமிடம் மௌனம் காக்க வைத்த நீங்களா, அணுகுண்டு போடுவதற்கென்றே கட்டிய விமானத்தைப் பார்த்துக் கண் கலங்கினீர்கள்?"

நான் அப்போது ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். வகுப்பில் ஒரு பையன் நியாயமான கேள்வி கேட்டு, ஆசிரியர் சிரித்து மழுப்பினால் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். தம்பி, இது உனக்கான பதில். மற்றவர்களும் படிக்கலாம்.

முதலில் அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மகள் வீடு ஸ்விண்டனில். அங்கிருந்து பக்கத்தில்தான் ஃபேர்ஃபோர்ட் விமானப்படைத் தளம். ஒவ்வொரு ஜூலையிலும் அங்கே பெரிய ஏர் ஷோ நடக்கும். மாப்பிள்ளை, "மாமா, இந்த வருஷம் விட்டா வல்கனை இனிமேல் பார்க்கவே முடியாது" என்று டிக்கெட் எடுத்திருந்தார். எனக்கு விமானத்தில் பெரிய ஆர்வம் கிடையாது. மடக்கு நாற்காலி, புளியோதரை, தண்ணீர் பாட்டிலோடு போய் உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்தில் வயதான தம்பதி. அவர் அறுபதுகளில் வாடிங்டன் தளத்தில் வல்கன் விமானங்களுக்குத் தரைப் பணியாளராக இருந்தவர். என்னை வரலாற்று வாத்தியார் என்று மகள் சொன்னதும் மனிதர் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அவர் மனைவி பிளாஸ்கைத் திறந்து எங்களுக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

காலையிலிருந்து எத்தனையோ விமானங்கள் பறந்தன. கூட்டம் பார்த்தது, கை தட்டியது, சாப்பிட்டது. வல்கன் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னதும் சூழல் மாறியது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். அப்பாக்கள் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள்.

சிறகின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 111 அடி. நான்கு இன்ஜின். அவ்வளவு பெரிய உருவம் தாழ்வாக வந்து, எங்களுக்கு வயிற்றைக் காட்டித் திரும்பியது. பிறகு இன்ஜினை முடுக்கினார்கள். அப்போது ஒரு ஊளை எழுந்தது. ஆமாம், ஊளைதான். இன்ஜின் முக்கால் வேகத்தைத் தாண்டி ஏறத்தாழ 90 சதவீதத்தை எட்டும்போது, சிறகின் முன்பக்கம் காற்று நுழையும் வாய்களில் அந்தச் சத்தம் பிறக்கிறது. புல்லாங்குழலில் காற்று ஒலியாவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். காதில் விழுவதற்கு முன்பே நெஞ்செலும்பில் கேட்டது. கார் நிறுத்துமிடத்தில் அலாரங்கள் தாமாக அலற ஆரம்பித்துவிடும் என்று மாப்பிள்ளை முன்பே சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. அலறின.

சுற்றிலும் பார்த்தேன். பெரிய பெரிய மனிதர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. ராத்திரி வீட்டுக்கு வந்து அந்தப் பதிவைப் போட்டேன்.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். நான் அன்று எழுதாமல் விட்ட பகுதி இது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டன் தனக்கென்று அணுகுண்டு வேண்டும் என்று முடிவு செய்தது. குண்டு இருந்தால் போதுமா? சோவியத் நகரங்கள் வரை கொண்டுபோகும் ஜெட் விமானமும் வேண்டும். மூன்று நிறுவனங்கள் மூன்று விமானங்களைக் கட்டின: வேலியன்ட், விக்டர், வல்கன். வல்கனுக்கு வடிவம் போட்டவர் அவ்ரோ நிறுவனத்தின் ராய் சாட்விக். போரில் ஜெர்மன் நகரங்களை எரித்த லங்காஸ்டர் விமானமும் அவர் கை வண்ணம்தான். வல்கன் பறந்ததை அவர் பார்க்கவில்லை. 1947 ஆகஸ்டில் வேறொரு விமானத்தின் சோதனை ஓட்டத்தில் இறந்துபோனார்.

முதல் வல்கன் 1952 ஆகஸ்டு 30ல் பறந்தது. சில நாட்களிலேயே ஃபார்ன்பரோ ஏர் ஷோவில் மக்கள் முன்னால் வந்தது. போர் முடிந்து ஏழு வருடம். அங்கே இன்னும் இறைச்சிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன். இடிந்த வீடுகள் பல இன்னும் அப்படியே கிடந்தன. அந்த ஜனங்கள் தலைக்கு மேலே, அதுவரை யாரும் பார்த்திராத ஒரு வெள்ளை முக்கோணம் பறந்தது. ஓட்டிய ரோலி ஃபாக், ஆபீஸுக்குப் போகிறவர் மாதிரி கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு ஓட்டுவதில் பேர்போனவர். 1955ல் அதே ஃபார்ன்பரோவில் அந்தப் பெரிய குண்டுவீச்சு விமானத்தைச் சின்னச் சண்டை விமானம் போல ஒரு சுற்று உருட்டியே காட்டினார். 'நாம் இன்னும் சோர்ந்துவிடவில்லை' என்று அந்த மக்களுக்குத் தோன்றியிருக்கும். முதல் தலைமுறைப் பார்வையாளர்களின் நினைவு இது: வெள்ளை நிறம், பெருமிதம்.

அதே 1952 காட்சியில், செப்டம்பர் 6 அன்று, வேறொரு சோதனை விமானம் நடுவானில் உடைந்து கூட்டத்தின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 2 பேரும் பார்வையாளர்கள் 29 பேரும் இறந்தார்கள். 1958 செப்டம்பரில் சையர்ஸ்டன் தளத்தில் நடந்த காட்சியில், முதன்முதலில் பறந்த அதே வல்கன் சிறகு உடைந்து நொறுங்கியது. அதில் இருந்த அனைவரும், தரையில் இருந்த 3 பேரும் மாண்டார்கள். சாகசம் பார்க்கப் போனவர்களுக்கு இப்படியும் ஒரு நினைவு உண்டு.

அந்த வெள்ளை நிறத்துக்கு வருகிறேன். அழகுக்காக அடித்ததல்ல அது. தான் போடும் அணுகுண்டின் வெப்ப ஒளி தன்னையே எரித்துவிடாமல், பட்டுத் திரும்பிப் போவதற்காகப் பூசிய வெள்ளை. விமானி அறையின் கண்ணாடிகளை உள்ளிருந்து மறைக்கத் திரைகளும் இருந்தன. வல்கன் சுமப்பதற்கென்று செய்த குண்டுகளில் ஒன்றின் வலிமை, ஹிரோஷிமாவில் போட்டதைப் போல ஏறத்தாழ 70 மடங்கு. 70 ஹிரோஷிமா, ஒரே விமானத்தில். தம்பி, உன் கேள்வியில் இருந்த நியாயத்தை இந்தக் கணக்கு போதுமான அளவு சொல்லிவிடும்.

உள்ளே 5 பேர். முன்னால் உட்காரும் 2 விமானிகளுக்கு மட்டும், ஆபத்து வந்தால் இருக்கையோடு வெளியே பாய்ந்து தப்பும் வசதி. பின்னால் முதுகைக் காட்டி உட்காரும் 3 பேருக்கு அது இல்லை. தரைக் கதவைத் திறந்து குதித்துக்கொள்ள வேண்டியதுதான். 1956 அக்டோபர் 1ல், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை போய்ப் பெருமையாகத் திரும்பிய வல்கன் ஒன்று லண்டன் ஹீத்ரோவில் மோசமான வானிலையில் இறங்கும்போது விழுந்தது. இரண்டு விமானிகளும் பிழைத்தார்கள். மற்ற 4 பேரும் இறந்தார்கள். அதற்குப் பிறகும் பின்னிருக்கைக்காரர்களுக்கு அந்த வசதி கடைசிவரை வரவில்லை.

1962 முதல் இந்த விமானங்களில் சில எந்நேரமும் குண்டு ஏற்றித் தயாராக நிறுத்தப்பட்டன. சோவியத் ஏவுகணை கிளம்பியது தெரிந்தால் பிரிட்டனுக்குக் கிடைக்கும் அவகாசம் 4 நிமிடம் என்று கணக்கிட்டிருந்தார்கள். அதற்குள் விமானங்கள் தரையை விட்டுப் போய்விட வேண்டும். ஓடுபாதை முனையிலேயே நாலைந்து வல்கன்களை நிறுத்தி, உத்தரவு வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு நிமிடத்துக்குள் கிளப்பும் பயிற்சி செய்தார்கள். அந்தப் பயிற்சியைத்தான் ஏர் ஷோக்களில் வேடிக்கையாகவும் காட்டினார்கள். நாலு வல்கன் ஒரே மூச்சில் கிளம்புவதைச் சிறு வயதில் பார்த்தவர்கள், எழுபது வயதிலும் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறார்கள். அவர்கள் பார்த்த வேடிக்கை, உலகம் முடியும் நாளுக்கான ஒத்திகை.

ஃபேர்ஃபோர்டில் அந்தப் பெரியவர் இதைத்தான் என்னிடம் உற்சாகமாக விவரித்துக்கொண்டிருந்தார். எந்தக் கேபிளை எத்தனை நொடியில் கழற்ற வேண்டும், யார் எங்கே நிற்க வேண்டும், எல்லாம் அவருக்கு விரல் நுனியில். வல்கன் வந்தபோது எழுந்து நின்று குழந்தை போலக் கையசைத்தார். நான் தற்செயலாக அவர் மனைவியைப் பார்த்தேன். அந்த அம்மா எழவில்லை. மேலே பார்க்கவுமில்லை. பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடி, மடியில் வைத்துக்கொண்டு புல்லைப் பார்த்தபடி இருந்தார்.

சத்தம் அடங்கியதும் என் மகள் அவரிடம், "உங்களுக்கு இது பிடிக்காதா?" என்று கேட்டாள். அவர் பேச்சு எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை மகள் பிறகு சொன்னாள். சாரம் இதுதான்.

அவர்கள் குடியிருப்பு தளத்தை ஒட்டியது. கைக்குழந்தையோடு இருந்த காலம். ராத்திரி இன்ஜின் சத்தம் கேட்டால் பயிற்சியா, நிஜமா என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. சத்தம் அப்படியே அடங்கிவிட்டால் பயிற்சி. விமானம் கிளம்பிவிட்டால், அந்த அம்மா குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். நாலு நிமிடம். ஒன்றும் நடக்கவில்லை என்றால் குழந்தையை மறுபடி படுக்க வைப்பார். 1962 அக்டோபரில், கியூபா நெருக்கடியின்போது, குழந்தையைத் தொட்டிலில் போடவே இல்லையாம்.

"இவர்கள் எல்லோரும் இந்தச் சத்தத்தைக் கேட்க வருகிறார்கள். நான் இது நிற்பதற்காகக் காத்திருந்தவள்" என்றார். பெரியவர் எதுவும் பேசவில்லை. அவர் கையில் தன் கையை வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஒரே விமானம், ஒரே தளம், ஒரே வீடு. இரண்டு நினைவு. இரண்டுமே பொய்யில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1960ல் சோவியத் ஏவுகணை அமெரிக்காவின் யு-2 உளவு விமானத்தை அவ்வளவு உயரத்திலேயே அடித்து வீழ்த்தியது. உயரே பறந்தால் பாதுகாப்பு என்ற கணக்கு தப்பானது. வல்கன்களின் மேல்பக்கம் பச்சையும் சாம்பலும் பூசித் தரையை ஒட்டிப் பறக்க வைத்தார்கள். 1969 நடுவில் அணு ஆயுதப் பொறுப்பு பெருமளவு நீர்மூழ்கிக் கப்பல்களுக்குப் போனது. அந்தத் தூக்கம் கெட்ட இரவுகளும் அத்தோடு குறைந்தன.

வல்கன் முதன்முதலாகப் போரில் குண்டு போட்டது, ஓய்வு பெறும் வயதில், 1982 ஃபாக்லாந்து போரில். அதுவும் சாதாரண குண்டு. அசென்ஷன் தீவிலிருந்து 6,000 கிலோமீட்டருக்கு மேல் கடலைத் தாண்டிப் போய்த் திரும்ப ஏறத்தாழ 16 மணி நேரம். ஒரே ஒரு வல்கன் இலக்கை அடைவதற்கு வழியில் எரிபொருள் ஊட்ட 11 விக்டர் விமானங்கள் வேண்டியிருந்தன. போட்ட 21 குண்டுகளில் ஒன்று ஓடுபாதையில் விழுந்தது. அந்தப் போரில் இரு பக்கமும் சேர்த்து 900 பேருக்கு மேல் மாண்டார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1984ல் வல்கன் படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன. ஒன்றைக் காட்சிக்காக வைத்துக்கொண்டார்கள். எக்ஸ்.எச்.558 என்பது அதன் எண். 1960ல் பிறந்தது. ஃபாக்லாந்துக்குப் போகாதது. செலவு தாங்காது என்று 1992 காட்சிகளோடு அதையும் நிறுத்தினார்கள். மக்கள் கையெழுத்து இயக்கம் நடத்தியும் பலிக்கவில்லை. 1993 மார்ச்சில் ஒரு குடும்பத்தார் வாங்கி பிரண்டிங்தார்ப் என்ற ஊரில் நிறுத்தினார்கள்.

அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ராபர்ட் பிளெமிங் என்பவர் தலைமையில் ஒரு குழு, அதை மறுபடி பறக்க வைப்போம் என்று கிளம்பியது. லாட்டரி நிதியிலிருந்து 27 லட்சம் பவுண்டு கிடைத்தது. மீதியைப் பென்ஷன்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் உட்பட ஆயிரக்கணக்கானோர் கொடுத்தார்கள். 2007 அக்டோபர் 18ல் அது எழுந்தது. அதன்பின் எட்டு கோடைகாலம் ஊர் ஊராகப் பறந்தது. பழைய நிபுணர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டே போக, தொழில்நுட்பப் பொறுப்பேற்றிருந்த நிறுவனங்கள் 2015க்குப் பிறகு முடியாது என்று சொல்லிவிட்டன. நான் பார்த்தது அந்தக் கடைசிக் கோடை.

அடுத்த மாதமே, ஆகஸ்டு 22 அன்று, ஷோர்ஹம் ஏர் ஷோவில் ஒரு பழைய ஹன்டர் ஜெட் சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். செய்தியைக் கேட்டபோது ஃபேர்ஃபோர்ட் கூட்டத்தில் தோளில் உட்கார்ந்திருந்த குழந்தைகள்தான் என் நினைவுக்கு வந்தார்கள்.

வல்கன் கடைசியாக 2015 அக்டோபர் 28ல் டான்காஸ்டரில் பறந்து இறங்கியது. கூட்டம் அலைமோதி ஆபத்தாகிவிடும் என்பதால் முன்கூட்டிப் பெரிதாக அறிவிக்கவில்லை. ஓட்டியவர் மார்ட்டின் விதர்ஸ். 1982ல் ஃபாக்லாந்தில் அந்த முதல் குண்டுகளைப் போட்டு வந்த விமானத்தை ஓட்டியவரும் அவரே.

இப்போது பதில்.

தம்பி, அன்று நான் ஏன் கண் கலங்கினேன்? உண்மையைச் சொன்னால், யோசித்துக் கலங்கவில்லை. அந்தச் சத்தம் உடம்பைப் பிடித்து உலுக்கியது. அழகும் இருந்தது. கண்ணீர் வந்துவிட்டது. அதில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். கோயில் யானை தும்பிக்கையைத் தூக்கும்போது கூட்டத்தோடு நாமும் சிலிர்ப்பதில்லையா, அது மாதிரி.

தப்பு அடுத்ததில் இருக்கிறது. ராத்திரி உட்கார்ந்து பதிவு எழுதியபோது, அழகை எழுதினேன். எதற்காகச் செய்த விமானம் என்பதை எழுதவில்லை. பெரியவரைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். கடிகாரத்தைப் பார்த்த அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் பேசியதைக் கேட்டுவிட்டு வந்த அதே ராத்திரி! கொண்டாட்டம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். நீ பிடித்தது அதைத்தான்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். "நேர் செங்குத்தாக ஏறியது" என்று எழுதியிருந்தேன் அல்லவா? இந்த வாரம் மாப்பிள்ளை எடுத்த வீடியோவைத் தேடி அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். செங்குத்து இல்லை. நல்ல சரிவாக ஏறுகிறது, அவ்வளவுதான். அந்த ஊளைகூட ஃபோனில் மாவு மில் ஓடுவது போலத்தான் கேட்கிறது. பத்து வருடமாக எத்தனை பேரிடம் செங்குத்து என்று கையை நிமிர்த்திக் காட்டியிருப்பேன்! கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று உங்களுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்.

நேரில் பார்த்தவர்களின் நினைவு வரலாற்றுக்கு வேண்டும். எந்த அரசாங்கக் கோப்பிலும் அந்தத் தொட்டில் இருக்காது, அந்தக் கடிகாரம் இருக்காது. ஆனால் நினைவு தனக்குப் பிடித்த பாதியைத்தான் முதலில் எடுத்துத் தரும். மீதிப் பாதி, மேலே பார்க்காமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். அவர்களிடமும் கேட்க வேண்டும். கேட்டதை எழுத வேண்டும்.

எக்ஸ்.எச்.558 இன்றும் டான்காஸ்டரில் தரையில் நிற்கிறது. 70 ஹிரோஷிமாவைச் சுமக்கப் பிறந்த இனம் அது. அந்த வேலையை ஒருநாளும் செய்யாமலே கிழடாகி ஓய்ந்தது. இப்போது மறுபடி அதைப் பார்க்க நேர்ந்து கண் கலங்கினால், அது இந்த நிம்மதிக்காக இருக்கும்.

வரும் ஆகஸ்டு 6 அன்று காலை ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். எங்கே இருந்தாலும் சரி. நானும் இங்கே நிற்பேன்.

கேள்வி கேட்ட தம்பி, தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இந்தப் பதிவைப் படித்தால் ஒரு வார்த்தை எழுது. திருத்தம் இருந்தாலும் சொல்லு.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்